வயிறும் ஓர் அமானிதமே

நிறைக்கப்படும் பாத்திரங்கள் யாவற்றிலும் தீயதாக வயிற்றையே அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சுட்டிக் காட்டியிருப்பதை நீங்கள் ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியுள்ள ஹதீஸ் அது. முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்களே போதும் என்றும், அதற்கு மேலும் உண்டே தீரவேண்டுமாயின் வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்றும் அது வரையறை செய்கிறது. கேட்கும்போது பக்தியோடு தலையசைக்கிறோம். அன்று பிற்பகலே வலீமா விருந்துக்குச் சென்று மூன்று பங்கையும் பிரியாணிக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்!

நகைத்துவிட்டுப் போகக்கூடிய செய்தியன்று இது. நம் நாட்டில் நீரிழிவு நோய் கொண்டோர் 10 கோடியே 10 லட்சம் பேர் என்றும், அந்நோயின் வாசற்படியில் நிற்போர் மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் என்றும் 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணக்கிட்டது. உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். கால் விரலை இழந்தவர், கண்ணொளி மங்கியவர், சிறுநீரகம் பழுதுற்று வாரந்தோறும் ரத்தம் சுத்திகரிக்கச் செல்பவர் என்று எத்தனை பேர்!

காரணம் கேட்டால், “எல்லாம் நஸீப், எழுதியபடி நடக்கிறது” என்பார்கள். கத்ரின் மீது ஈமான் கொள்வது நம் கடமை. ஆனால் கத்ரை நம் நாவின் சபலத்துக்குத் திரையாக்குவதற்கு மார்க்கத்தில் இடமில்லை. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் தம் படையோடு வழியிலேயே திரும்ப முடிவு செய்தபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்பது கலீஃபா அவர்களின் விடையாயிற்று. நோய்க்கு ஒரு விதி உண்டென்றால் தற்காப்புக்கும் ஒரு விதி உண்டு.

அந்த இரண்டாவது விதி செயல்படுவதைச் சென்னை மருத்துவர்கள் எண்ணிக்கையாகவே காட்டியிருக்கிறார்கள். நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைக் கொண்டு டாக்டர் ஏ. ராமச்சந்திரன் அவர்களும் தோழர்களும் நடத்திய ஆய்வின் முடிவு 2006-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டு முடிவில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்து, நாள்தோறும் அரைமணி நேரமேனும் நடக்குமாறு பழக்கப்படுத்தப்பட்டவர்களிலோ 39 பேரே அந்நிலையை அடைந்தனர். நடை என்றால் ஏதோ பெரும் தவம் என்று அஞ்ச வேண்டாம். அருகிலுள்ள பள்ளிவாசலுக்குக் கூட மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும் நாம், தொழுகைக்காக எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்ற நற்செய்தியை வாகனத்தின் சக்கரத்துக்கே விட்டுக்கொடுத்து விடுகிறோமே!

நாயகம் (ஸல்) அவர்களின் காலத்து உணவைப் பற்றி ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வி புகாரியில் உள்ளது. சலித்தெடுத்த வெண்மாவை அப்பெருமானார் தம் நபித்துவ வாழ்நாளில் கண்டதுண்டா என்று கேட்டபோது, இல்லை என்றார்கள். சல்லடையும் இருக்கவில்லை. பின் வாற்கோதுமையை எவ்வாறு உண்டீர்கள்? அரைத்து, ஊதி, பறப்பது பறந்தபின் எஞ்சியதைப் பிசைந்து உண்டோம் என்பது அவர்கள் தந்த விளக்கம். மதரஸாவில் இந்த ஹதீஸை ஓதிய நாளில் எளிமைக்குச் சான்றாகவே அதைக் கொண்டோம். இன்று மருத்துவர் உரைப்பதைக் கேட்டபின் அதில் இன்னொரு நன்மையும் தெரிகிறது. தவிட்டோடும் நாரோடும் கூடிய தானியம் மெல்லச் செரித்து மெல்லவே சர்க்கரையாக ரத்தத்தில் சேர்கிறது. மைதாவும் தீட்டிய வெள்ளரிசியும் விரைந்து செரித்து ரத்தத்தில் சர்க்கரையை உயர்த்த, கணையம் இன்சுலினைச் சுரந்து சுரந்து களைக்கிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு மண்டிய உடலிலோ சுரந்த இன்சுலினும் சரிவர வேலை செய்வதில்லை. பரோட்டாவும் சால்னாவும் இரவுதோறும் உண்ணும் இளைஞர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

விருந்துகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சிலர் சேர்ந்தமர்ந்து ஒரே சஹனில் உண்ணும் வழக்கம் அழகான வழக்கம். ஏழையும் தனவந்தரும் ஒரே தட்டில் கைவைக்கும் காட்சி வேறெங்கே கிடைக்கும்? இருவர் உணவு மூவருக்கும், மூவர் உணவு நால்வருக்கும் போதுமென்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ள நபிமொழி. அதனைத் தலைகீழாக்கி, மூவர் அமரும் சஹனில் ஐவருக்கு உரியதைக் குவிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? மீதம் வைத்தால் வீண்விரயமாகுமே என்று அஞ்சி நீரிழிவு நோயாளியும் வழித்து உண்கிறார். விரயம் சஹனில் நிகழ்ந்தால் பாவம், வயிற்றில் நிகழ்ந்தால் பாவமன்று என எண்ணுகிறார் போலும்! உண்பதையும் பருகுவதையும் அனுமதித்த அதே வசனத்தில்தானே (7:31) இறைவன் வரம்பு மீறுவதைத் தடுத்திருக்கிறான்? குறைவாகப் பரிமாறி, கேட்பவருக்கு மீண்டும் வைப்பது விருந்தளிப்பவரின் பொறுப்பு.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு கரண்டிக்குள், அடங்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காத வீடுகள் இதைக் கவனத்திற் கொள்க. விருந்துக்குப் பின் புகையிலை போடுவோருக்கும் புகைப்போருக்கும் தனியே சொல்ல வேண்டியதில்லை; அவர்களுக்கே தெரியும்.

இனி ரமலானுக்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் நோன்பு திறந்தது பேரீச்சங்கனிகள் சிலவற்றைக் கொண்டு. அவை இல்லையேல் சில மிடறு நீர். நம் நோன்புக் கஞ்சியைக் குறை கூற நான் துணியமாட்டேன். அரிசி, பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, புதினா சேர்ந்த அக்கஞ்சியின் மணத்துக்கு நானும் அடிமையே. கஞ்சிக்குத் துணையாக வந்து, நாளடைவில் கஞ்சியையே துணையாக்கிவிட்ட சமோசா, பஜ்ஜி, வடை, சர்பத் வகைகள்தாம் வழக்கைக் கெடுப்பவை. பகலெல்லாம் பசித்திருந்து, மாதமுடிவில் எடை கூடிப் பெருநாள் காண்போர் நம்மிடையே சிலரல்லர்.

இதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவர், மருத்துவர் தடுத்தும் நோன்பு நோற்பேன் என்று பிடிவாதம் செய்கிறார். சுற்றியிருப்போர் அதை ஈமானின் உறுதி எனப் புகழ்கிறார்கள். 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தி 2004-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோகும் நிகழ்ச்சிகள் ரமலானில் பன்மடங்கு பெருகியது தெரியவந்தது. வயது முதிர்ந்தோருக்குப் பெரிதும் வரும் வகை நோயில் அது ஏறத்தாழ ஏழரை மடங்கு.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் இருக்கிறது. பயணத்தில் தலையில் கல் பட்டுக் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் சலுகை இல்லை என்றார்கள். குளித்தார், இறந்தார். செய்தி கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று கடிந்துகொண்டார்கள். தெரியாதபோது கேட்டறிந்திருக்கக் கூடாதா என்றும் வருந்தினார்கள். வீட்டிலிருக்கும் நோயாளியை, “ஒரு நோன்பையும் விடாதீர்கள், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று ஊக்குவிக்குமுன் இந்தச் சம்பவத்தை நினைவிற் கொள்ளுங்கள். நோயாளிக்குச் சலுகை வழங்கியவன் அதே அல்லாஹ்தான் (2:184, 185).

ஆகவே ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரைக் காணுங்கள். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அவரே மாற்றித் தரவேண்டும். நீங்களாகப் பாதியாக உடைத்துக்கொள்ளல் ஆகாது. விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது. தோலுக்கடியில் செலுத்தும் இன்சுலின் ஊசியாலும் முறியாது என்பதே இக்கால மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோரின் முடிவு. சோதனையில் அளவு 70-க்குக் கீழே இறங்கினாலோ, 300-க்கு மேல் ஏறினாலோ, மஃரிபுக்குச் சில நிமிடங்களே இருந்தாலும் அக்கணமே நோன்பை விடும்படி மருத்துவர்கள் கூறுகிறார்கள். விட்ட நோன்பைப் பின்னர் உடல் தேறியதும் களாச் செய்துகொள்ளலாம். தேறும் நம்பிக்கை அற்றவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவாக ஃபித்யா கொடுக்க வேண்டும்: ஷாஃபி மத்ஹபில் இரு கையும் நிறைய அள்ளும் ஒரு முத்து தானியம், ஹனஃபி மத்ஹபில் ஃபித்ராவுக்குரிய அளவு. உங்கள் ஊர்ப் பள்ளி இமாமிடம் கேட்டால் இன்றைய விலைக்குக் கணக்கிட்டுச் சொல்வார்.