கைப்பெட்டி போதும், மருந்துப் பை கையிலேயே இருக்கட்டும்

மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூருக்கும், மகனின் குடும்பத்தைக் காணத் துபாய்க்கும் புறப்படும் பெற்றோர் பலர், திருவண்ணாமலையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருகின்றனர். “விமானத்தில் போகலாமா, டாக்டர்?” என்பதே அவர்களின் முதற்கேள்வி. நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்களில் பெரும்பாலோர் போகலாம். அடுத்து நாங்கள் கேட்பது: “மருந்துகளை எந்தப் பெட்டியில் வைப்பீர்கள்?” பெரிய பெட்டியில், துணிகளுக்கு நடுவே, பத்திரமாக என்ற பதில் அடிக்கடி வருகிறது. அந்த இடம் பத்திரமானது அன்று.

விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டி நம்முடனேயே வந்து சேரும் என்பதற்கு உறுதியில்லை. ஒரு நாள் தாமதித்து வந்தால் புடவை இல்லாமல் சமாளிக்கலாம். வலிப்பு நோய்க்கான மாத்திரையோ, இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையோ இல்லாமல் சமாளிக்க இயலாது. மேலும், விமானத்தின் சரக்குப் பகுதியில் சில வேளைகளில் குளிர் மிகுந்து இன்சுலின் உறைந்துவிடக்கூடும். ஒருமுறை உறைந்த இன்சுலின், பின்னர் உருகினாலும் நம்பத்தக்கதன்று. அதை எறிந்துவிடவே வேண்டும்.

ஆகவே, இயன்றவர்கள் கைப்பெட்டி ஒன்றுடன் மட்டும் பயணம் செய்வது நல்லது. மூட்டுவலி உள்ளவர்களுக்கும் இருதய நோயாளிகளுக்கும் சுமை குறைவதே பெரிய உதவி.

7 கிலோவுக்குள் அடக்குவது எப்படி?

நம் நாட்டு விமானங்களின் சாதாரண வகுப்பில் கைப்பெட்டிக்குப் பொதுவாக 7 கிலோ அனுமதி. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறலாம் என்பதால் பயணச்சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்த வெறும் பெட்டியே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். எஞ்சுவது நான்கைந்து கிலோ. உடுத்தியிருப்பது போக மூன்று மாற்றுடைகள் போதும். போகும் வீட்டில் துவைத்துக்கொள்ளலாம். ஒரு மாத மருந்துகள் பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டுவதில்லை. எனவே முதலில் மருந்து, பிறகு துணி, இடமிருந்தால் மற்றவை என்ற வரிசையில் அடுக்குங்கள்.

பெட்டியின் எடையைக் கூட்டுவது பெரும்பாலும் பாசம்தான். ஊறுகாய், நெய், பிரசவ லேகியம் ஆகியவை திரவமாகவும் குழம்பாகவும் கருதப்படுவதால், 2006க்குப் பின் பல நாடுகளில் நடைமுறைக்கு வந்த 100 மில்லிலிட்டர் வரம்புக்குள் கைப்பெட்டியில் அவற்றைக் கொண்டுசெல்வது கடினம். கொப்பரை தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருளாக விமான விதிகளில் வகைப்படுத்தப்பட்டுள்ளது, அதைத் தவிர்த்துவிடுங்கள். நம் குருமாவில் அரைத்துவிடும் கசகசா சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடைசெய்யப்பட்டது. மசாலாப் பொடியிலும் அது கலந்திருக்கக் கூடாது.

பயணத்தில் தேவைப்படும் இன்சுலினுக்கும் திரவ மருந்துகளுக்கும் அந்த 100 மில்லிலிட்டர் வரம்பிலிருந்து விலக்கு உண்டு. பாதுகாப்புச் சோதனையில் மருந்துச்சீட்டுடன் தனியாக எடுத்துக் காட்டுங்கள். இன்சுலினைப் பனிக்கட்டிப் பையின்மேல் நேரடியாக வைக்காமல் துணியில் சுற்றி வையுங்கள்.

மருந்துப் பையில் இருக்க வேண்டியவை

• தங்கும் நாள்களுக்கும் கூடுதலாக ஒரு வாரத்துக்கும் தேவையான மருந்துகள், பெயர் தெரியும்படி அவற்றின் அசல் அட்டையிலேயே.

• மருந்துகளின் மூலப்பெயரும் அளவும் எழுதிய மருத்துவர் கடிதம். இங்கு விற்கும் வணிகப் பெயர் அங்கே எவருக்கும் தெரியாமலிருக்கலாம். நாம் பாராசிட்டமால் என்பதையே அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்கின்றனர்.

• இன்சுலின் ஊசிகள், சர்க்கரை அளக்கும் கருவி, சிறிது குளுக்கோஸ் அல்லது மிட்டாய்.

• இதய மின்னியக்கி பொருத்தியவர்கள் அதற்குரிய அடையாள அட்டை.

இப்பையைக் கைப்பெட்டிக்குள் எளிதில் எடுக்கும்படி தனியாக வையுங்கள். தலைக்கு மேலுள்ள அடுக்கு நிரம்பிவிட்டால், விமானத்தின் வாயிலிலேயே கைப்பெட்டியை வாங்கிச் சரக்குப் பகுதிக்கு அனுப்பிவிடுவதுண்டு. அவ்வேளையில் மருந்துப் பையையும் பவர்பேங்கையும் வெளியே எடுத்துவிட்டே பெட்டியைக் கொடுங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பெட்டியைத் தாமே தூக்கி மேலே வைக்க வேண்டாம். பணியாளரின் உதவியைக் கேளுங்கள். சக்கர நாற்காலி தேவையெனில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

டிரமடால், கோடீன், சில தூக்க மாத்திரைகள், மனநல மருந்துகள் ஆகியவை பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதியின்றிக் கொண்டுசென்றால் வழக்கில் சிக்க நேரும். அனுமதி பெற நாளாகும் என்பதால், பயணத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே எல்லா மருந்துகளையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் வாருங்கள். கடிதத்தையும், நேர வேறுபாட்டுக்கேற்ப மருந்து உண்ணும் வேளைகளையும் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளலாம். துணைக்கு வருபவர் அக்கடிதத்தின் படி ஒன்றைத் தம் கைப்பேசியில் வைத்திருக்கட்டும்.