உப்புப் பாலைவனத்தின் பூநாரைகள்

பாலைவனத்துப் பறவை என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? மணலில் ஓடும் தீக்கோழியாகவோ, வறண்ட புல்வெளியில் நடமாடும் கானமயிலாகவோ இருக்கலாம். வாழ்நாளெல்லாம் நீரில் கால் நனைத்து நிற்கும் ஒரு பறவையை எவரும் நினைப்பதில்லை. ஆனால் இந்தியாவின் கொடிய பாலைநிலங்களுள் ஒன்றான கட்ச் ரண்ணில்தான் பூநாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

மீஞ்சூர், பொன்னேரி வட்டார வாசகர்களுக்கு இப்பறவை புதியதன்று. குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரியில், நெடுங்கால்களை ஊன்றிக் கூட்டங்கூட்டமாக நிற்பவை பூநாரைகளே. பாலைவனத்தில் பிறக்கும் பறவைக்கு இங்கே என்ன வேலை? உப்பு நீரிலேயே வாழும் அதற்குத் தாகம் எவ்வாறு தீர்கிறது? பார்ப்போம்.

வெள்ளைப் பாலையில் ஒரு நகரம்

குஜராத் மாநிலத்தின் வடமேற்கில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டிப் பரந்து கிடப்பது பெரிய ரண். முன்னொரு காலத்தில் ஆழமற்ற கடலாக இருந்து மேடாகிப்போன நிலம் இது. கோடையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பு, மரமில்லை, நிழலில்லை. பருவமழை பெய்ததும் இதே நிலம் ஆழமற்ற பெரும் நீர்ப்பரப்பாக மாறிவிடும்.

அந்நீரின் நடுவே பூநாரைகள் கூடும் இடத்திற்குப் ‘பூநாரை நகரம்’ என்று பெயர். பறவையியல் அறிஞர் டாக்டர் சலீம் அலி 1945ஆம் ஆண்டில் அங்கே சென்று கணக்கிட்டபோது, ஏறத்தாழ 1 லட்சம் கூடுகள் இருந்தன! நரியும் நாயும் கால் வைக்க முடியாத உப்புச் சேறுதான் இந்நகரத்தின் மதில்.

அலகால் சேற்றைக் குவித்து, தலை வெட்டிய கூம்பு போல் கூடு அமைக்கிறது பூநாரை. உச்சியிலுள்ள குழியில் ஒரே ஒரு முட்டை. நீர்மட்டம் சற்று உயர்ந்தாலும், தரை கொதித்தாலும், மேட்டிலுள்ள முட்டைக்குத் தீங்கில்லை. ஏறத்தாழ 4 வாரங்களில் குஞ்சு வெளிவரும். அதன் நிறம் சாம்பல், அலகும் நேரானது. தாயும் தந்தையும் தம் உணவுப் பாதையில் சுரக்கும் ஒருவகைப் பாலை ஊட்டி அதனை வளர்க்கின்றன.

அலகா, சல்லடையா?

வளரும்போது அலகு நடுவில் வளைந்துவிடும். ஏன் இந்தக் கோணல்? பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து உண்கிறது. தடித்த நாக்கு, பம்பின் தண்டைப் போல் நொடிக்குப் பல முறை முன்னும் பின்னும் அசைந்து சேற்று நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரங்களில் உள்ள மெல்லிய தகடுகள் உப்புநீர் இறால், பூச்சிப் புழு, பாசி முதலியவற்றைச் சல்லடை போல் நிறுத்திக்கொள்ளும். தலையை வெடுக்கென மேலே தூக்கி நீரில் சிறு சுழல்களை உண்டாக்கி, இரையை அவற்றில் சிக்க வைக்கிறது என்பதும் 2025ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் விளக்கப்பட்டது.

இவ்வுணவிலுள்ள கரோட்டினாய்டு என்னும் நிறப்பொருளே இறகுக்குச் சிவப்பைத் தருகிறது. கேரட்டின் நிறத்துக்குக் காரணமானதும் இதே குடும்பப் பொருள்தான். இது கிடைக்காவிடில் பூநாரை வெளுத்துவிடும்.

தலைக்குள் ஓர் ஆலை

உப்புநீரின் தொல்லையை மீஞ்சூர் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தடியில் கடலை நோக்கி நகரும் நன்னீர், கடல்நீரை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. மீஞ்சூர்ப் பகுதியில் நகரத் தேவைக்கும் தொழிற்சாலைகளுக்கும் வயல்களுக்குமாக அளவுக்கு மிஞ்சி நீரை இறைத்ததால் அத்தடை தளர்ந்தது. கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. இன்று மனிதன் கடல்நீரையே நன்னீராக்குகிறான். காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். இத்தகைய ஆலைகளில் கடல்நீரைப் பேரழுத்தத்தில் நுண்ணிய சவ்வுகளின் வழியே செலுத்துவார்கள். நீர் கடந்துவிடும், உப்பு பின்தங்கிவிடும்.

கடல்நீரை நாம் குடித்தால் தாகம் ஏன் மிகுகிறது? கடல்நீரில் உள்ள அளவுக்குச் செறிவாக உப்பைப் பிரித்து வெளியேற்ற நம் சிறுநீரகத்தால் இயலாது. ஆகவே உள்ளே போன உப்பைக் கழிக்க, குடித்த நீருக்கு மேலும் உடலின் நீரைச் செலவிட நேர்கிறது.

பறவையின் சிறுநீரகமும் இவ்வகையில் வலிமை குன்றியதே. ஆயினும் கடற்பறவைகள் உப்புநீர் குடித்து வாழ்கின்றனவே! இந்தப் புதிரை 1957ஆம் ஆண்டு விடுவித்தவர் நட் ஷ்மிட்-நீல்சன் என்னும் உடலியல் அறிஞர். நீர்க்காகங்களுக்குக் கடல்நீரைக் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் அலகு நுனியில் செறிந்த உப்புத் துளிகள் திரண்டு சொட்டின. கண்களுக்கு மேலே அமைந்த உப்புச் சுரப்பிகளின் வேலை அது! பூநாரைக்கும் இச்சுரப்பிகள் உண்டு.

சுரப்பியின் நுண்குழாய்களை ஒட்டி, எதிர்த்திசையில் இரத்தம் ஓடுகிறது. குழாயின் செல்கள் உடலின் ஆற்றலைச் செலவிட்டு, இரத்தத்திலிருந்து உப்பை எடுத்துக் குழாய்க்குள் தள்ளுகின்றன. அச்செறிந்த நீர் நாசி வழியே வெளியேறுகிறது. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 1 லிட்டர் கடல்நீரில் உள்ள உப்பு சுமார் 35 கிராம். கடற்காகத்தின் சுரப்பு நீரிலோ லிட்டருக்கு 50 கிராம் அளவு உப்பு உண்டு. எனவே 35 கிராம் உப்பைக் கழிக்க 700 மில்லிலிட்டர் போதும். மிச்சமுள்ள 300 மில்லிலிட்டரும் பறவைக்கு நன்னீர்! இவ்வேலைக்கு மின்சாரமும் வேண்டாம், பேரழுத்தமும் வேண்டாம்.

பழவேற்காடு எதற்கு?

ரண்ணில் நீர் வற்றியதும் பூநாரைகள் பறந்துவிட வேண்டும். அங்கிருந்து பழவேற்காடு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். இந்தியாவின் பல ஏரிகளிலும் காணப்படும் பூநாரைகளுக்குக் கட்ச் முக்கியமான பிறப்பிடம் என்று அறிஞர் கருதுகின்றனர்.

மழை பொய்த்த ஆண்டில் ரண்ணில் நீர் நிற்காது, கூடும் இராது. ஒரே முட்டையிடும் இனம் இப்படிப் பல ஆண்டுகளை இழந்தும் அழியாமல் இருப்பது எப்படி? அதன் நீண்ட ஆயுளே காரணம். பூநாரை 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. நல்ல மழை வரும்வரை அதனால் காத்திருக்க முடியும். ஆனால் காத்திருக்கும் காலத்தில் வயிறு நிறைய வேண்டுமல்லவா? அந்த உணவுக்களங்களுள் ஒன்றுதான் பழவேற்காடு. இங்கே ஏரி கெட்டால், அங்கே பாலைவனத்துக் கூடு காலியாகும்.

ஏரியைக் கெடுப்பது மிக எளிது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர, முகத்துவாரம் வழியே கடல்நீர் வந்து கலக்கிறது. இக்கலப்பில்தான் இறாலும் புழுவும் பாசியும் செழிக்கின்றன. முகத்துவாரம் மணலால் மூடினால் கலப்பு நின்றுவிடும். மீனவர் வலையும் பறவையின் அலகும் ஒருசேர வெறுமையாகும். பூநாரை நடந்து மேய்வதற்கு நீர் அதன் கால் அளவுக்குள் இருக்க வேண்டும். ஆழப்படுத்தினாலும் தூர்த்தாலும் அதற்கு இழப்பே.

தெற்கே எண்ணூர்க் கழிமுகம் நமக்கு ஓர் எச்சரிக்கை. அனல் மின் நிலையச் சாம்பல் அங்கே பல ஆண்டுகளாகப் படிந்து ஆழத்தைக் குறைத்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெய் பரவி, கூழைக்கடாக்களின் இறகுகளிலும் படிந்தது. உப்பைப் பிரிக்கும் சுரப்பியைப் பறவைக்கு இயற்கை அளித்துள்ளது. எண்ணெயைப் பிரிக்கும் சுரப்பியை அளிக்கவில்லை.

வரும் குளிர்காலத்தில் பழவேற்காட்டிற்குச் சென்று பாருங்கள். படகை நெருங்க விடாமல் தொலைவிலிருந்தே நோக்குங்கள். விரட்டப்படும் பறவை மேய்ச்சலையும் சேர்த்த வலிமையையும் இழக்கும். இளஞ்சிவப்பு அலகின் நுனி மட்டும் கறுத்திருந்தால் அது பெரிய பூநாரை. அலகு முழுதும் கருஞ்சிவப்பாக இருந்தால் சிறிய பூநாரை. சாம்பல் படர்ந்த இளம் பறவைகள் எத்தனை என்றும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அவை மிகுந்திருந்தால், தொலைதூரத்துக் கூடுகளில் அண்மையில் குஞ்சுகள் நன்றாகத் தேறியிருக்கின்றன என்று பொருள்.