பிரியாணி கெட்ட உணவா, சார்?

கணியம்பாடி ஒன்றியத்தில் உள்ள நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியலும் கணிதமும் கற்பித்து வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை 6ஆம் வகுப்பில் உடல்நலமும் சுகாதாரமும் பற்றிய பாடம். கரும்பலகையின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் ‘நல்ல உணவு’ என்றும் மறுபக்கம் ‘கெட்ட உணவு’ என்றும் எழுதினேன். மாணவர்கள் சொல்லச் சொல்ல நிரப்பிக்கொண்டே போனேன். கீரையும் முட்டையும் கேழ்வரகும் ஒரு பக்கம் சேர்ந்தன. சிப்ஸும் பரோட்டாவும் குளிர்பானமும் மறுபக்கம் சேர்ந்தன. யாரோ ‘பிரியாணி’ என்றார்கள். யோசிக்காமல் அதையும் கெட்ட உணவில் எழுதினேன்.

திங்கட்கிழமை காலை, வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவன் என்னிடம் வந்தான். “சார், பிரியாணி கெட்ட உணவா? எங்க அப்பா அதைத்தானே செய்யறாரு?” என்று கேட்டான்.

அவன் தந்தை கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி செய்து கொடுக்கும் மாஸ்டர். தாய் காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை செய்கிறார். வாரம் முழுவதும் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடும் அந்தக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அந்த ஞாயிறு, “சார் கெட்டதுன்னு சொன்னாரு” என்று தட்டைத் தள்ளிவிட்டானாம். அதை அவன் தாயே பிறகு என்னிடம் சொன்னார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

பாடத்தில் நான் எங்கே பிழை செய்தேன் என்று யோசித்தேன். நம்மில் பலரும் இதே பாடத்தை இதே முறையில்தான் நடத்துகிறோம் என்பதால் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தட்டில்தான் பார்க்க வேண்டும்

உணவை நல்லது, கெட்டது என்று பிரிப்பது கற்பிக்க எளிது. ஆனால் அறிவியல்படி சரியல்ல. ஓர் உணவு உடலுக்கு என்ன செய்யும் என்பதை அதன் பெயர் முடிவு செய்வதில்லை. எவ்வளவு சாப்பிடுகிறோம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, உடன் என்ன இருக்கிறது, எப்படிச் சமைத்தது என்ற நான்கு கேள்விகள்தாம் முடிவு செய்கின்றன.

நம் பகுதியின் ஆம்பூர் பிரியாணியையே எடுத்துக்கொள்வோம். சீரகச் சம்பா அரிசி, இறைச்சி, தயிர், இஞ்சி, பூண்டு, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், புதினா, கொத்தமல்லி. இறைச்சியில் புரதம் இருக்கிறது. உடல் எளிதில் ஏற்கும் இரும்புச்சத்தும் வைட்டமின் பி12-உம் இருக்கின்றன. இதில் குறை, காய்கறி மிகக் குறைவு என்பதுதான். அதற்கும் நம் ஊர்ப் பழக்கமே வழி வைத்திருக்கிறது. ஆம்பூர் பிரியாணிக்குக் கத்தரிக்காய்த் தொக்கும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் இல்லாமல் இலை போடுவதில்லை. வேலூர் முள்ளுக் கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. இவ்வளவு பெருமை உள்ள காய் இலையின் ஓரத்தில் ஒரு கரண்டியாகச் சுருங்கிப்போனதுதான் சிக்கல்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, ஒரு நாள் உணவில் ஏறக்குறையப் பாதி காய்கறி, கீரை, பழமாக இருக்க வேண்டும். மீதிப் பாதியைத் தானியம், பருப்பு, முட்டை, இறைச்சி, பால், கொட்டை வகைகள் பகிர்ந்துகொள்கின்றன. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய், பழம் என்கிறது. பிரியாணியை விடச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் பச்சடியும் தொக்கும் கூடுதலாக வைத்து, ஒரு கொய்யாப்பழத்தோடு முடித்தால் தட்டு ஏறக்குறையச் சரியாகிவிடும். பிரியாணிக்குப் பின் குளிர்பானம் குடிப்பதை நிறுத்தினால் இன்னும் நல்லது.

அதிகச் சுத்தமும் ஆபத்தே

‘சுத்தமான உணவு’ என்ற பேச்சு இப்போது கைப்பேசி வழியாக மாணவர்களிடமும் வந்துவிட்டது. சோறே கூடாது, எண்ணெயே கூடாது, சாறு மட்டும் குடித்து உடலைக் கழுவ வேண்டும் என்றெல்லாம் கேட்கிறார்கள். உடலில் சேரும் கழிவை நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்துகொண்டிருக்கின்றன. அதற்குத் தனிச் சாறு தேவையில்லை. சுத்தமான உணவு பற்றிய நினைப்பே நோயாக மாறி, ஒவ்வோர் உணவாக ஒதுக்கிக்கொண்டே போகும் நிலைக்கு அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன் 1997இல் ‘ஆர்த்தோரெக்சியா’ என்று பெயர் வைத்தார்.

நம் மாணவிகளைப் பொறுத்தவரை இது கவனிக்க வேண்டிய செய்தி. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. உடல் மெலிய வேண்டும் என்று ஒரு மாணவி காலை உணவைத் தவிர்த்தால், சத்துணவு முட்டையைத் தோழிக்குக் கொடுத்தால், அந்தக் கணக்கில் அவளும் சேரக்கூடும். கண்டிக்காமல் விசாரிக்க வேண்டியது ஆசிரியரின் கடமை. கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்காது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்ற வைட்டமின் சி உள்ளவை உடன் இருந்தால் அதிகம் ஏற்கும். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் குறைவாகவே ஏற்கும். இந்த இரண்டு செய்திகளையும் பெற்றோர் கூட்டத்தில் சொல்லலாம். செலவில்லாத மாற்றங்கள் இவை.

உண்மையான சுத்தம் எது?

சுத்தம் என்ற சொல்லை நான் வகுப்பில் வேறு இடத்தில் பயன்படுத்தியிருக்க வேண்டும். கல்யாண வீட்டில் மதியம் இறக்கிய பிரியாணியைப் பொட்டலம் கட்டி, இரவு முழுவதும் வெளியே வைத்திருந்து காலையில் சாப்பிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சோற்றில் ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்னும் பாக்டீரியா வளரலாம். அதன் வித்துகள் கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. சூடாக வைப்பதானால் 60 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் தீங்கான சேர்மங்கள் பெருகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பள்ளி வாசல் கடையில் எண்ணெய் கறுத்து, நுரைத்து, பிசுபிசுப்பாக இருந்தால் அதுவே எச்சரிக்கை. பஞ்சு மிட்டாயில் துணிச்சாயமான ரோடமைன் பி கலந்திருந்தது தெரியவந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்ததை மாணவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தச் செய்தியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

சுத்தம் நிலத்திலிருந்தும் தொடங்குகிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையின் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது குறித்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வு கண்டதை அத்தீர்ப்பு பதிவு செய்கிறது. இதே தோல்தான் நம் மாணவர்களின் பல வீடுகளுக்குச் சோறு போடுகிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பேசலாம். உயர்நிலை வகுப்புகளுக்கு இது நல்ல விவாதப் பொருள்.

வகுப்பில் செய்த மாற்றங்கள்

அந்தப் பட்டியலை அழித்துவிட்டு மறுவாரம் மூன்று செயல்பாடுகளைச் செய்தோம்.

முதலாவது, தட்டு வரைதல். தரையில் சுண்ணக்கட்டியால் பெரிய வட்டம் போட்டு, முந்தைய நாள் வீட்டில் சாப்பிட்டதைச் சீட்டில் எழுதி வட்டத்தில் அடுக்கச் சொன்னேன். யார் வீட்டுச் சீட்டு என்பது யாருக்கும் தெரியாது. பாதி வட்டம் காலியாக இருந்ததை அவர்களே கண்டார்கள். அதை எதைக் கொண்டு நிரப்பலாம் என்று கேட்டதும் முருங்கைக்கீரை, பப்பாளி, அவரை என்று வீட்டுப் புறக்கடையில் இருப்பவற்றையே சொன்னார்கள்.

இரண்டாவது, உறை படித்தல். தின்பண்ட உறையில் உப்பின் அளவு இருக்காது, சோடியத்தின் அளவுதான் இருக்கும். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளிர்பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை என்று அச்சிட்டிருந்தால் 250 மில்லிலிட்டரில் 25 கிராம். அதைத் தேக்கரண்டியால் அளந்து கண்ணாடிக் குவளையில் போட்டுக் காட்டினோம். ஆறு கரண்டிக்குப் பக்கத்தில் வந்தது. நான் எதுவும் சொல்லவில்லை; வகுப்பே சொல்லிக்கொண்டது.

மூன்றாவது, அந்த மாணவனின் தந்தையைப் பள்ளிக்கு அழைத்தேன். 6ஆம் வகுப்புக் கணிதத்தில் விகிதம் பாடம் இருக்கிறது. ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி என்றால் 1:1. 100 பேருக்கு எவ்வளவு, 250 பேருக்கு எவ்வளவு என்று அவர் கேட்க, பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். ஒரு மாணவி, “எண்ணெயைக் குறைத்தால் ருசி போயிடாதா?” என்று கேட்டாள். “எண்ணெய் குறைஞ்சா ருசி போகாது பாப்பா, தம் சரியா விழலைன்னாதான் போகும்” என்றார். பந்தியில் பச்சடியைக் கூடுதலாகப் பரிமாறச் சொல்லிப் பார்ப்பதாகவும் சொன்னார். அவர் பேசி முடிக்கும் வரை அவன் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

பள்ளியே பெரிய தட்டு

சென்னையில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் 1920இல் தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசர் காலத்தில் மாநிலம் முழுவதும் விரிந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவானது, பின்னர் முட்டை சேர்ந்தது, 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் வந்தது. நூறு ஆண்டுகளாக இந்த மாநிலம் பள்ளித் தட்டை நிரப்பி வருகிறது. அந்தத் தட்டில் கறிவேப்பிலையும் காய்களும் ஒதுக்கப்படுவதைத் தினமும் பார்க்கிறோம். “ஒதுக்காதே” என்று சொல்வதைவிட, வாரம் ஒரு நாளாவது பிள்ளைகளோடு உட்கார்ந்து அதையே நாமும் சாப்பிடுவது பயன் தருகிறது. நான் புதன்கிழமைகளில் அப்படிச் செய்கிறேன். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் காய்களை ஒதுக்குவது குறைந்திருக்கிறது.

ருசியும் நலமும் எதிரிகள் அல்ல. ருசித்துச் சாப்பிடும் பிள்ளைதான் புதிய காயையும் ருசித்துப் பார்க்கும். உணவுப் பாடம் எடுக்கும்முன் நம் வகுப்பில் யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள், அந்த வீட்டில் எப்போது எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்று அறிந்துகொள்வோம். அதன்பின் கரும்பலகையில் கோடு கிழிக்கத் தோன்றாது. வட்டம்தான் வரையத் தோன்றும்.