ஜீப்பை உயர்த்தும் முன் பிரேக் குழாயைப் பாருங்கள்

செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் அடி தட்டாமல் போகவேண்டும் என்று, பழைய சுசுகி எஸ்ஜே410 போன்ற ஜீப்புகளைப் பலர் 2 அங்குலம் உயர்த்துகிறார்கள். இந்த வண்டிக்கு முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்தான். வளைவு கூடிய ஸ்பிரிங்கும் நீளமான ஷாக் அப்சார்பரும் மாற்றினால் போதும் என்று நினைப்போம்.

ஆனால், வண்டி உயர்ந்தால் சேசிசுக்கும் அச்சுக்கும் இடைவெளி கூடும். இரண்டையும் இணைக்கும் பிரேக் ரப்பர் குழாயோ பழைய நீளம்தான். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது அது இழுபட்டு அறுந்தால், இறக்கத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

ஆகவே, பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும் முன், சேசிசைத் தூக்கி நான்கு சக்கரங்களையும் தொங்கவிடச் சொல்லுங்கள். குழாய் விறைத்து நின்றால் நீளமானதைப் போடுங்கள். யு-போல்ட்டுகளும் புதிதாக இருக்கட்டும். ஸ்பிரிங் முனை போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே முழுதாக இறுக்கவேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் புஷ் சீக்கிரம் கிழியும். சில நாள் ஓட்டியபின் எல்லாவற்றையும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.

உயர்ந்த வண்டி வளைவில் கவிழும் ஆபத்து அதிகம். பின்னால் பிள்ளைகள் இருந்தால் இன்னும் மெதுவாக ஓட்டுங்கள். பொதுச் சாலைக்கு எடுப்பதென்றால், இந்த மாற்றம் பற்றி ஜேபிஜேயிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.