மீன்தொட்டிகளை இணைத்தலும் வளைகுழாயில் தங்கும் காற்றும்

வண்ண மீன் வளர்த்தல் சிறு முதலுடன் வீட்டிலேயே நடத்தத்தக்க உபதொழில். சென்னைக் கொளத்தூர் இவ்வியாபாரத்துக்குப் பெயர்போன இடமாதலால், காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் கொல்லைப்புறத்தில் சில தொட்டிகள் வைக்க எண்ணுவோர்க்குச் சந்தை தூரமில்லை. செலவைக் குறைக்கும் பொருட்டுப் பல தொட்டிகளை இணைத்து, ஒரே பம்பும் ஒரே வடிகட்டியும் கொண்டு நடத்துவதுண்டு. அதில் நேரக்கூடிய ஓர் அபாயத்தையும் அதன் பரிகாரத்தையும் இங்கே விளக்குவோம்.

இணைக்கும் விதம்

கவிழ்த்த 'ப' எழுத்தின் வடிவிலுள்ள ஒரு குழாயை ஜலத்தால் நிரப்பி, அதன் இரு வாய்களும் இரு தொட்டிகளின் ஜலத்தில் அமிழும்படி விளிம்புகளின்மேல் வைக்கவேண்டும். இதற்கு ஸைபன் என்று பெயர். பம்பு கடைசித் தொட்டியின் ஜலத்தை முதல் தொட்டியில் ஊற்ற, அங்கே மட்டம் சிறிது உயரும். அவ்வுயர்வின் பலத்தால் ஜலம் குழாய் வழியே அடுத்த தொட்டிக்குச் செல்லும். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே கீழ் ஏரிக்கு நீர் பாய்வதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். ஆனால் ஏரிக் கால்வாய் திறந்தது, வளைகுழாயோ மூடியது. தொல்லை இதனாலேயே வருகிறது.

காற்று சேரும் காரணம்

குழாயின் உச்சி ஜல மட்டத்துக்கு மேலிருப்பதால், அங்கே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தினும் குறைவு. ஆகவே ஜலத்தில் கரைந்துள்ள வாயு குமிழிகளாகப் பிரியும். சூடேறிய ஜலம் வாயுவைக் குறைவாகவே தாங்கும்: லிட்டருக்கு 25 டிகிரியில் சுமார் 8.3 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கக்கூடும். 30 டிகிரியில் சுமார் 7.5 மட்டுமே. கத்திரி வெயிலில் தொல்லை மிகுவது இதனால்தான். காற்றுக்கல்லின் குமிழிகளும் குழாய்க்குள் புகும்.

இக்காற்று உச்சியில் சேர்ந்து வழியைக் குறுக்கி, முடிவில் ஜலத்தின் தொடர்ச்சியை அறுத்துவிடும். பம்போ நிற்பதில்லை. கடைசித் தொட்டி வற்ற, முதல் தொட்டி பொங்கி வழியும். இது இரவில் நேர்ந்தால் விடியுமுன் மீன்கள் மடியும். அருகில் குழித்தறி இருப்பின் ஜலம் புகுந்து பட்டுப் பாவும் கெடும்.

கவனிக்கவேண்டியவை

1. குழாயின் மேற்பாகம் தட்டையாயிராமல் ஓரிடமே உச்சியாக அமைக. அங்கே காற்று ஒழுகாதபடி மெல்லிய குழாயும் சிறு திருகும் பொருத்தி, ஊசியில்லாத சிரிஞ்சினால் தினமும் காற்றை உறிஞ்சி நீக்குக.

2. இரு வாய்களும் ஜலத்தில் நன்கு தாழ்ந்திருக்கட்டும். மின்சாரம் நின்றாலும் குழாயில் ஜலம் தங்கும். காற்றுக்கல்லை வாய்களினின்று விலக்கி வைக்க.

3. அளவுக்கு மிஞ்சிய பெருங்குழாய் கூடாது; ஓட்டம் மந்தமாகிக் குமிழிகள் தங்கும். இரண்டு குழாய்கள் இருப்பின் ஒன்று அறுந்தாலும் மற்றது உதவும்.

4. பம்பு ஜலத்தை இழுக்கும் வாயைக் கடைசித் தொட்டியின் அடியில் வைக்கலாகாது; மட்டத்துக்குச் சிறிது கீழேயே வைக்கவேண்டும். குழாய் அறுந்தால் அந்தச் சிறிதளவு ஜலமே குறையும். அவ்வளவும் முதல் தொட்டியின் மேலுள்ள காலியிடத்தில் அடங்கவேண்டும்.

நான்காவதே எல்லாவற்றிலும் முக்கியம். முதல் மூன்றும் பழுது வராமல் தடுப்பவை. இதுவோ பழுது வந்தபின்னும் மீனைக் காப்பது. மீன் விடுமுன் குழாயில் வேண்டுமென்றே காற்றை விட்டுப் பரீட்சித்துப் பார்த்தல் நலம்.

புதிதாகச் சிமெண்டுத் தொட்டிகள் கட்டுவோர், மட்டத்துக்குக் கீழே சுவரூடே குழாயைப் பதித்துவிட்டால் இக்காற்றுத் தொல்லையே இராது. ஆயினும் இணைந்த தொட்டிகளில் ஒன்றில் கண்ட நோய் எல்லாவற்றுக்கும் பரவுமாதலால், புதிதாக வாங்கிய மீன்களைச் சில வாரம் தனித் தொட்டியில் வைத்த பிறகே சேர்க்கவேண்டும்.