பதவி போயிற்று, பணி போகவில்லை

ஜூரிமார் என்றதும் கொலை வழக்கே நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலோ, 58 மாவட்டங்களிலும் ஆண்டுதோறும் ‘மகா ஜூரி’ ஒன்று அமைகின்றது. பெரும்பாலும் 19 குடிமக்கள் கொண்ட இச்சபை, சிறைச்சாலை முதல் நகரசபைக் கணக்கு வரை துருவியாராய்ந்து அறிக்கை விடுக்கும். நகரசபை 90 நாட்களுள் மறுமொழி தந்தாக வேண்டும். “மேலும் ஆராய்வோம்” என்றெழுதி ஆறு மாதத் தவணையும் பெறலாம். (நமக்குப் பழகிய மறுமொழிதானே!) அதற்குள் ஜூரியின் ஓராண்டு முடிந்துவிடும். பின்னர் தட்டிக் கேட்பவர் யார்?

முன்னாள் ஜூரிமாரின் உள்ளூர்ச் சங்கங்கள் சில இப்பொறுப்பை ஏற்றுள்ளன. பழைய அறிக்கையையும் மறுமொழியையும் அருகருகே வைத்து, சொன்னது நடந்ததா என நோக்குகின்றன. புதியோரை விண்ணப்பிக்கத் தூண்டுகின்றன. ஆயினும், தாம் கேட்ட சாட்சியத்தைப் பற்றி, இல்லாள் வினவினும் அவர்கள் வாய் திறவார். இரகசியப் பிரமாணம் பதவியோடு தீர்வதில்லை.