கடைசல்காரர் கூடிய இடத்தில் ஒரு காமிரா

அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானை அறியாத வியாபாரி நம் பக்கத்தில் இருக்க முடியாது. நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டம் ஆனாலும், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குக் கூட்டம் ஏறும் நாள் ஆனாலும், குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினாலும், கடை வாசலில் ஓலைக் கொட்டானிலோ வலைப் பையிலோ இந்தச் சரக்கு வந்து உட்கார்ந்துவிடும். உரல், உலக்கை, திருகை, குடம், பானை, அடுப்பு என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான் அத்தனையும் பிள்ளையின் கையளவில் இருக்கும். மளிகைக் கடைக்கு இதில் பெரிய லாபம் இருக்கிறது என்று சொல்ல மாட்டோம். ஆனால் பருப்பு வாங்க வந்த வீட்டாரைக் கால் மணி நேரம் வாசலிலேயே நிறுத்தி வைக்கிற சரக்கு வேறு எது?

அதைக் கடைந்தவர் யார் என்று வாடிக்கையாளர் கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? கொள்முதல் சிட்டையில் ஏஜெண்ட் பெயர் இருக்கும். அதற்கு அப்பால் ஒன்றும் இருக்காது. இதை யாரையோ குறை சொல்லி எழுதவில்லை. நாமே செய்த தவற்றிலிருந்து தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்துக் கடைசல்காரர்கள் ஒரு மண்டபத்தில் ஒரு பகல் முழுவதும் கூடினார்கள். ஆளுக்கு நாலு சாமான் கொண்டுவந்து மேசைகளில் பரப்பி வைத்தார்கள். ஓரமாக இரண்டு கடைசல் எந்திரங்களை ஓடவிட்டு வேலையும் செய்து காட்டினார்கள். படம் எடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். கையில் காமிரா இருந்தது, ஆர்வமும் இருந்தது. கூலி வேண்டாம் என்று சொல்லி நாம் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டோம். இருநூறு படத்துக்கு மேல் எடுத்திருப்போம். வீட்டுக்கு வந்து பார்த்தால், பொன்னாடை போர்த்தியவரையும் போர்த்திக்கொண்டவரையும் எடுத்ததிலேயே பாதி தீர்ந்திருந்தது. மீதியில் சாமான்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு குடத்தின் வயிற்றிலும் ஃபிளாஷ் வெளிச்சம் வெள்ளைக் கொப்புளமாக எழுந்து நின்றது. எது யார் கடைந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில்கூடக் குறித்து வைக்கவில்லை.

அன்று ஒரு பெரியவர், மோட்டார் வருவதற்கு முந்தைய முறைப்படி ஒருவர் கயிறு இழுக்க, தரையில் உட்கார்ந்து ஒரு சிமிழ் கடைந்தார். காகிதக் கனத்தில் மூடி. திறந்தால் ‘டப்’ என்று சத்தம் கேட்டது. எல்லோரும் கை தட்டினோம். அவர் காலமான பிறகு, அவருடைய மகன் கடைக்கு வந்தார்.

“எங்கப்பா கடையுததப் படம் புடிச்சியளாம்லா. ஒண்ணு குடுங்க, அண்ணாச்சி.”

தேடிப் பார்த்தோம். ஒரே ஒரு படம் அகப்பட்டது. அதில் பெரியவரின் தோள் தெரிந்தது, பக்கத்தில் குனிந்து நின்ற விருந்தினரின் முதுகு தெரிந்தது. கை தெரியவில்லை. மாலை போட்டு மாட்டுவதற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தோம். அப்படி இல்லை. மகனும் கடைசல்காரர்தான், மோட்டாரில் வேலை செய்கிறவர். அந்த மூடியை அவ்வளவு மெல்லிசாக எடுக்கும்போது அப்பா உளியை எந்தச் சாய்வில் வைத்தார், இடது கட்டைவிரலை எங்கே கொடுத்தார் என்று பார்க்க வேண்டுமாம். அதற்குக் காட்ட நம்மிடம் ஒன்றும் இல்லை.

அதன் பிறகுதான் இந்த வேலையை முறையாகக் கற்றுக்கொண்டோம். கற்றதைச் சொல்கிறோம், கடைசல்காரர் கூடும் இடத்துக்கு அடுத்து யார் காமிராவோடு போனாலும் உதவும்.

முதலில் ஒரு வேடிக்கை. கடைசலில் சுற்றும் உருண்டை மரம் படத்தில் சுற்றுவதாகவே தெரியாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் நின்றிருப்பது போலவே இருக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 25 சுற்று ஆகிறது. 1/50 விநாடியில் எடுத்தால் அரைச் சுற்று பதிகிறது. 1/1000 விநாடியில் எடுத்தால் 9 பாகைதான் பதிகிறது. இரண்டு படத்திலும் பானை அசையாமல்தான் நிற்கும். சுற்றுகிறது என்று காட்டுவது உளி முனையிலிருந்து சுருண்டு பறக்கும் சீவல்தான். வேகமாக எடுத்தால் சீவல் தனித்தனியே நிற்கும், மெதுவாக எடுத்தால் கோடாக இழுபடும். இரண்டும் அழகுதான். ஆனால் கையைக் கற்க வேண்டியவருக்கு வேகமாக எடுத்த படமே பயன்படும்.

தவறவிடக்கூடாத இன்னொரு கட்டம் அரக்கு ஏற்றுவது. சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுற்றும் மரத்தின்மேல் அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறுகிறது. அடுப்பும் கிடையாது, தூரிகையும் கிடையாது. பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வருகிறது. சில விநாடிகளில் முடிந்துவிடும் வேலை இது. கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்திலும் இதே முறைதான், அங்கே பெரும்பாலும் வெட்பாலை மரத்தில் கடைகிறார்கள். அரக்கு ஏறிவிட்டால் உள்ளே என்ன மரம் என்று படத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அரக்கு ஏறாத சாமான் ஒன்றையும் பக்கத்தில் வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியூர் மொத்த வியாபாரி முதலில் கேட்கும் கேள்வியே “என்ன மரம்?” என்பதுதான்.

எந்திரம் ஓடும்போது அதற்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. மரம் விண்டால் தெறிக்கிற வழி அதுதான். உளி மரத்தைத் தொட்டிருக்கும் நேரத்தில் ஃபிளாஷ் அடிப்பதும் கூடாது. நமக்கு ஒரு படம், அவருக்கு விரல்.

சாமானைத் தனியாக எடுக்கும்போது ஃபிளாஷை மறந்துவிடலாம். அரக்குப் பூச்சு கண்ணாடி மாதிரி, எதிரில் இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கும். எடுக்கிறவரின் சட்டை நிறம்கூட அதில் தெரியும். காலை வேளையில் வெயில் விழாத திண்ணையில், வெளிச்சம் வரும் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டினால் போதும், கொப்புளம் மறைந்து மெல்லிய பளபளப்பு மட்டும் நிற்கும். அடியில் சாம்பல் நிறத் தாளை விரிப்பது நல்லது. வெள்ளைத் துணியில் வைத்தால் காமிரா ஏமாந்து சாமானைக் கருப்படித்துவிடுகிறது. செல்போனில் எடுப்பவர்கள் மிகவும் நெருங்கிப் போகிறார்கள், அதனால் குடத்தின் வயிறு இல்லாத அளவுக்கு வீங்கித் தெரிகிறது. இரண்டு எட்டு பின்வாங்கி, ‘ஜூம்’ வைத்து எடுக்க வேண்டும். அளவு தெரிவதற்கு நாணயத்தை வைப்பவர்கள் உண்டு. ஒரு ரூபாய் நாணயமே காலத்துக்குக் காலம் அளவு மாறியிருக்கிறதே! பள்ளிப் பிள்ளையின் அடிக்கோலை வைத்துவிட்டால் சந்தேகமே இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் பெயர்ச் சீட்டு. சாமானை எடுக்குமுன், அதைக் கடைந்தவர் பெயரையும் ஊரையும் எழுதிய சீட்டோடு ஒரு படம். பிறகு சீட்டை எடுத்துவிட்டு ஒரு படம்.

அமெரிக்காவில் 1985-ல் டென்னசி மாநிலத்துக் கேட்லின்பர்க் ஊரில், ஆரோமாண்ட் கைவினைப் பள்ளியில் கடைசல்காரர்கள் கூடினார்கள். அதன் தொடர்ச்சியாக 1986-ல் அவர்களுக்கு ஒரு தேசியச் சங்கம் ஏற்பட்டது. அந்தச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் வந்தவர்கள் தாங்கள் கடைந்ததை மேசைகளில் பரப்பி வைப்பதும், அவற்றை உறுப்பினர்களே தொண்டாகப் படம் எடுத்துச் சேர்த்து வைப்பதும் வழக்கம். அவர்களில் பலருக்கு அது பொழுதுபோக்கு. இங்கே அது அடுப்பெரியும் தொழில். அங்கே கிண்ணத்தின் அடியில் கடைந்தவர் கையெழுத்துப் போடுவதும் வழக்கம். நம் சொப்புச் சாமானில் கையெழுத்துப் போட இடமும் இல்லை, வழக்கமும் இல்லை. ஆகவே பெயரைச் சுமக்க வேண்டியது படம்தான்.

இதில் வியாபாரிக்கு என்ன என்று கேட்கலாம். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆற்றின் போக்கில் சற்றுக் கீழே உள்ள பத்தமடைப் பாய்க்கு முன்பே கிடைத்ததுதான். இன்னொரு பக்கம், 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் ஆணை நடப்பில் இருக்கிறது. கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருளை அதற்கு உரிமை பெற்றவர் செய்து விற்பதற்கும் விலக்கு தந்திருக்கிறார்கள். விலக்கு ஆளைப் பொறுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘அம்பாசமுத்திரம் சரக்கு’ என்று வாயால் சொன்னால் போதாது. எந்தப் பட்டறை, யார் கை, அவருடைய அடையாள அட்டை எண் என்ன என்பதெல்லாம் கடையில் இருப்பது நல்லது. பில்லும் அட்டை நகலும் பட்டறைப் படமும் ஒரே கோப்பில் இருந்தால் கேட்கிறவருக்குப் பதில் சொல்லிவிடலாம். வாடிக்கையாளரிடமும் ‘இவர்தாம் கடைந்தவர்’ என்று காட்டலாம். பிளாஸ்டிக் பொம்மை விற்கும் எதிர்க்கடைக்காரரால் அது முடியாது.

தொண்டாக எடுத்த படத்தில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கு உரியது. கூலி வாங்காத தொண்டர் எடுத்த படமோ எடுத்தவருக்கே உரியது. சும்மா எடுத்துக் கொடுத்ததுதானே என்று அதைக் காலண்டரிலும் பையிலும் அச்சடித்துவிட்டால் பிற்பாடு மனக்கசப்பு வரும். எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் காலமானதற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை நிற்கிறது. வாய்ச்சொல்லில் உரிமை கைமாறாது, எழுத்தில் கையெழுத்தோடு வேண்டும். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். நாலு வரிக் கடிதம் போதும்: எந்தப் படம், எதற்கு, எத்தனை ஆண்டு, எங்கே. படத்தில் இருக்கும் கடைசல்காரரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுவது மரியாதை. அவருக்கு ஒரு பிரதி அச்சுப் போட்டுக் கொடுப்பது அதைவிட மரியாதை.

அந்தப் பெரியவரின் மகன் போன மாதம் போன் செய்தார். மூடி ஓரளவு மெல்லிசாக வந்துவிட்டதாம், சத்தம்தான் இன்னும் வரவில்லையாம். அப்பாவுக்குக் கயிறு இழுத்தவர் இன்னும் இருக்கிறார், பழைய கடைசல் பலகையும் பரணில் கிடக்கிறதாம். இருவரும் சேர்ந்து ஒரு நாள் கடைந்து பார்க்கப் போகிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வேட்டியும் அடிக்கோலும் எடுத்து வைத்தாயிற்று.